கைப்பிடி தளர்ந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடலாமா?



சர்க்கரை, இரத்த அழுத்தம், எலிக்காய்ச்சல் என்று இந்தப் பகுதியில் பலதும் பேசியிருக்கிறோம். இம்முறை உங்கள் கையைப் பற்றிப் பேசுவோம். தோல் வெடிப்பும் கத்தி வெட்டும் அல்ல, கையின் பிடியைச் சொல்கிறேன். போத்தல் மூடியைத் திருகுகிற பிடி, ஈரத் துணியைப் பிழிகிற பிடி, பஸ்ஸில் கம்பியைப் பற்றுகிற பிடி. அந்தப் பிடி எத்தனை கிலோ என்று யாராவது உங்களை அளந்து பார்த்ததுண்டா? இருக்காது. இருபது வருடமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் வேலை பார்க்கும் நானும் ஒருவரையும் அளந்ததில்லை. என் சின்னம்மா விழுந்த பிறகுதான் எனக்கே புத்தி வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேக்காவில் பார்த்தது

என் சின்னம்மா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மகள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டதால், ஓய்வுபெற்ற பிறகு அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. அடுக்குமாடி வீடு, மின்தூக்கி வாசலிலேயே வந்து நிற்கும். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் சோபா, தொலைக்காட்சி, தேத்தண்ணி. "இத்தனை வருஷம் நடந்தது போதும்டா, இப்பத்தான் கால் ஆறுது" என்பார்.

தீபாவளிக்கு முன்னால் சாமான் வாங்கப் போன நான் அவரையும் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கினார். இரண்டு கிலோ இருக்கும். பத்து அடி நடப்பதற்குள் பையைக் கை மாற்றினார், பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக் கடையில் தண்ணீர்ப் போத்தலின் மூடி திறக்க வரவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலில் தரையில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கத் தூணைத் தேடினார். மூன்றையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாச்சுல்ல சின்னம்மா, ஒரு வைட்டமின் ஊசி போட்டுக்குங்க" என்றேன். டிரசர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் சிரித்தார்.

மூன்றாவது வாரம் குளியலறையில் விழுந்தார். நல்லவேளை, இடுப்பு எலும்பு உடையவில்லை. ஆஸ்பத்திரியின் முதியோர் பிரிவில் ஒரு மிசி, கைப்பிடி வைத்த சிறு கருவியைக் கொடுத்து, "அம்மா, முழு பலத்தையும் போட்டு அழுத்துங்க" என்றார். சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கருவி 13 கிலோ காட்டியது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று மகள் கேட்க, "பெண்களுக்கு 18-க்குக் குறையக் கூடாது" என்று பதில் வந்தது. சின்னம்மா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இது முப்பது வருஷம் காண்டா தூக்கின கைம்மா" என்றாராம்.

இதை மகள் போனில் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பார்த்த மூன்று அடையாளங்களும் ஒரே நோயின் அடையாளங்கள். நான்தான் அதற்கு "வயசு" என்று பெயர் வைத்துவிட்டேன்.

தசைக்கு வரும் பஞ்சம்

இந்த நோய்க்குச் சார்கோபீனியா என்று பெயர். கிரேக்க மொழியில் சதை என்பதையும் வறுமை என்பதையும் சேர்த்து, 1980-களின் இறுதியில் எர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் வைத்த பெயர் அது. நம் பேச்சில் "சதைப் பஞ்சம்" என்று சொல்லலாம். வயதோடு தசையின் அளவும் பலமும் அளவுக்கு மீறிக் குறைவதே இந்த நோய். 2016-ல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

நம் தசை முப்பது வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. ஐம்பதுக்கு மேல் இறக்கம் வேகம் பிடிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, தசையின் அளவு குறைவதைவிடப் பலம் குறைவது வேகமாக நடக்கிறது. பார்வைக்குக் கை கால் அப்படியே இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும். சிலருக்குத் தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும். எடை குறையாது, சட்டை தளராது. ஆகவே "ஆள் நல்லா பூசினாப்புலதானே இருக்காரு" என்று ஏமாந்துவிடக் கூடாது.

தசை இழை இரண்டு வகை. ஒன்று மெதுவாக, நெடுநேரம் வேலை செய்வது. மற்றது சட்டென்று வேகமாக இழுப்பது. வயதில் அதிகம் தேய்வது இந்த வேக இழைதான். கால் வழுக்கும்போது ஒரு நொடியில் காலை ஊன்றி உடம்பைத் தாங்குவதும் அதுதான். அது போனால் வழுக்கல் விழுக்காடாகிறது. இளம் வயதில் தடுமாறி நின்ற அதே ஈரத்தரையில் எழுபதில் விழுந்துவிடுகிறோம்.

படுக்கை இன்னும் மோசம். நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்து ஆராய்ந்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. ஒரு காய்ச்சலில் படுத்த பாட்டி பிறகு எழுந்து நடமாடவே இல்லை என்று லயத்தில் சொல்லக் கேட்டிருப்போம். காய்ச்சல் போய்விட்டது. படுக்கை செய்த வேலை அது.

முப்பது வருடம் உழைத்த உடம்பு ஏன் தளர்கிறது?

"எத்தனை நிரை வெட்டியிருப்போம், எத்தனை குலை செம்பனை இறக்கியிருப்போம், அந்த பலம் எங்கே போகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தசை என்பது சேமநிதி போல ஒருமுறை கட்டிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் பணம் அல்ல. தினமும் வேலை கொடுத்தால்தான் இருக்கும். வேலை நின்ற நாளிலிருந்து உடம்பு அதைக் கரைக்கத் தொடங்கும். நேற்றுவரை மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர், ஓய்வுபெற்ற மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் இறக்கம் மிக வேகமாக இருக்கும். பட்டணத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேரும் நம் பெரியவர்களுக்கு நடப்பது இதுதான்.

சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தீவின் வடக்கே ஈசூன் என்றொரு நகரம். ரப்பருக்கும் அன்னாசிக்கும் பேர்போன லிம் நீ சூன் என்பவர் பெயரைத்தான் சீனத்தில் ஈசூன் என்று சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த வட்டாரம் அது. இன்று அடுக்குமாடி வீடுகள். அங்கே உள்ள முதியோர் மருத்துவக் கல்வி, ஆய்வு நிலையம் 21 வயதிலிருந்து 90 வயது வரையிலான 542 பேரை வீட்டு வட்டாரத்திலிருந்தே அழைத்து, கைப்பிடியையும் தசையையும் அளந்தது. 2021-ல் முடிவு வெளியானது. அறுபதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தசைத்தேய்வு இருந்தது. இவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் அல்லர். சந்தைக்குப் போய்க்கொண்டும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டும் இருந்தவர்கள். நம் லயத்தில் அளந்தால் எத்தனை பேர் அகப்படுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

டைனமோமீட்டர் என்பது அதன் பெயர். கைக்குள் அடங்கும் இரண்டு பிடிகள். ஒன்றை உள்ளங்கையில் ஊன்றி, மற்றதை விரல்களால் இழுத்து அழுத்த வேண்டும். அழுத்தும் பலம் முள்ளிலோ எண்ணிலோ கிலோவாகத் தெரியும். ஒரு மூட்டையைத் தூக்கும் கிலோ என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். இறுக்கும் பலத்தின் அளவு அது.

அளக்கும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, நேர்கோணத்தில் மடக்கிக்கொண்டு, மூன்று எண்ணும் வரை முழு பலத்தில் அழுத்த வேண்டும். வில் வைத்த வேறொரு வகைக் கருவி இருக்கிறது, அதை நின்றபடி கையைத் தொங்கவிட்டு அழுத்துவார்கள். எதுவானாலும் இரண்டு கையிலும் இரண்டு முறைக்குக் குறையாமல் அழுத்தச் சொல்லி, கிடைத்ததில் பெரிய எண்ணைத்தான் எழுதிக்கொள்வார்கள். ஊசி இல்லை, இரத்தம் இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

ஆசிய நாடுகளின் தசைத்தேய்வு மருத்துவர் குழு 2019-ல் ஓர் அளவு வகுத்தது. ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் பிடி பலவீனம். 2025-ல் இதைத் திருத்தியபோது, முதுமை வரும்வரை காத்திருக்காமல் 50 வயது முதலே தசையைக் கவனிக்கச் சொல்லி, அந்த வயதினருக்குத் தனி அளவும் வைத்தார்கள். ஓய்வுக்கு முந்திய பத்து வருடம் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கால் விழுகிறது, கையை ஏன் அளக்கிறார்கள்?

நல்ல கேள்வி. உடம்பின் தசைகள் எல்லாம் ஒரே குடும்பம் போல. ஒன்றின் நிலை மற்றதையும் காட்டும். அவற்றில் சுலபமாக அளக்கக் கூடியது கை. சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம் அல்லவா, அப்படித்தான்.

2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்தியா, மலேசியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேருடைய கைப்பிடியை அளந்து, நான்கு வருட அளவில் தொடர்ந்து பார்த்தார்கள். பிடி ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. ஆயுளை முன்கூட்டிச் சொல்வதில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி மேலாக நின்றது. பயப்படாதீர்கள். பிடி குறைந்ததால் சாவு வருகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் உள்ளே உத்தரம் இற்றிருக்கலாம் என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி அடையாளம் இது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். நாம் சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைக்கும் களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை வெளியே நிற்கும். சர்க்கரை கட்டுக்கடங்காவிட்டால் தசை மேலும் கரையும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

கை சரியாகச் சொல்லாத நேரங்கள்

கருவி சொன்னதே வேதம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விரல் மூட்டு வாதம், மணிக்கட்டில் நரம்பு அழுத்தம், மடங்கிக்கொள்ளும் விரல், பழைய முறிவு, வாதம் வந்த கை, இவற்றால் பிடி குறைந்திருக்கலாம். வருடக்கணக்காகக் கத்தி பிடித்த நம் ஆட்களிடம் இவை சகஜம். அதற்குத் தசைத்தேய்வு என்று பெயர் வைத்தால் தவறு. எதிர்ப்பக்கமும் உண்டு. வாழ்நாள் முழுவதும் கைவேலை செய்தவருக்குப் பிடி மட்டும் உறுதியாக நின்று, தொடை தேய்ந்திருக்கலாம். ஆகவேதான் கையோடு காலையும் பார்க்கச் சொல்கிறார்கள். தசையின் அளவை ஆஸ்பத்திரியில் தனிக் கருவியால் பார்த்த பிறகே மருத்துவர் நோயை உறுதி செய்வார்.

ஆனால் ஒன்று. பிடி குறைவு, அல்லது கால் பலவீனம், இரண்டில் ஒன்று தெரிந்தாலே "இருக்கக் கூடும்" என்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டையும் பயிற்சியையும் உடனே தொடங்கலாம் என்று அதே ஆசியக் குழு சொல்கிறது. பெரிய கருவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது நல்ல செய்தி.

வீட்டிலேயே பார்க்க மூன்று சோதனை

முதலாவது, நாற்காலி. கைப்பிடி இல்லாத சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோரம் நகராமல் வையுங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்காருங்கள். யாராவது கடிகாரம் பார்க்கட்டும். கையை ஊன்றாமல், முழுதாக எழுந்து முழுதாக உட்கார்ந்து, வேகமாக ஐந்து முறை செய்யுங்கள். 12 வினாடிக்குள் முடித்தால் நல்லது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை தளர்ந்திருக்கிறது. பெரியவர் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

இரண்டாவது, கெண்டைக்கால். தையல்காரர் டேப் இருந்தால் கெண்டைச் சதையின் தடித்த இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் சந்தேகம். டேப் இல்லையா? ஜப்பானியர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கி, அதே இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். வளையம் போதாமல் சதை நிறைந்து நின்றால் நல்லது. வளையம் தொளதொளவென்று இருந்தால் கவனிக்க வேண்டும். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை சரிவராது.

மூன்றாவது, ஐந்து கேள்விகள். நாலரைக் கிலோ சாமானைத் தூக்கிப் போக சிரமமா? அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடக்க சிரமமா? நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழ சிரமமா? பத்துப் படி ஏற சிரமமா? சிரமமே இல்லை என்றால் பூஜ்யம், கொஞ்சம் என்றால் ஒன்று, ரொம்பச் சிரமம் அல்லது முடியவில்லை என்றால் இரண்டு. ஐந்தாவது கேள்வி, போன ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள்? விழவில்லை என்றால் பூஜ்யம், ஒன்று முதல் மூன்று முறை என்றால் ஒன்று, நான்கும் அதற்கு மேலும் என்றால் இரண்டு. கூட்டிப் பாருங்கள். நான்கு வந்தால் கிளினிக்குக்கு வாருங்கள்.

மருந்து எது?

இதற்கென்று விழுங்கும் மாத்திரை இன்று கிடையாது. நான் சின்னம்மாவுக்குச் சொன்ன வைட்டமின் ஊசியும் தசையைக் கட்டாது. மருந்து இரண்டே. தசைக்கு வேலை, தசைக்குத் தீனி.

வேலை என்றால் நடப்பது மட்டும் போதாது. நடை இருதயத்துக்கு நல்லது, ஆனால் தேய்ந்த தொடையைத் திரும்பக் கட்ட பாரம் வேண்டும். 1990-ல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், முதியோர் இல்லத்திலிருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரி 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் முடிந்தது என்றால் அறுபதில் முடியாதா?

வீட்டில் செய்யக்கூடியது இது:

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எட்டு முதல் பத்து முறை. முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம். பிறகு ஊன்றாமல்.

சுவரையோ ஜன்னல் கட்டையையோ பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, பத்து முறை.

சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது, பத்து முறை.

தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்குவது, பத்து முறை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ.

நான்கையும் செய்து, சற்று ஓய்ந்து, மறுபடி ஒரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள். நடுவில் ஒரு நாள் ஓய்வு. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ பாரத்தையோ கொஞ்சம் கூட்டுங்கள், சுலபமாகவே இருந்தால் தசை வளராது. மூச்சை அடக்காதீர்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்துங்கள். இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

"ரப்பர்ப் பந்தை அமுக்கினால் போதாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். போதாது. கருவியில் எண் ஏறுவதற்காகக் கையை மட்டும் பழக்குவது, காய்ச்சல் குறையத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் நனைப்பது போல. இடுப்பும் தொடையும்தான் நம்மை நிறுத்தி வைப்பவை.

சிங்கப்பூரில் பெற்றோரை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே மூத்தோர் நிலையங்கள் இருக்கின்றன. லியன் அறநிறுவனம் 2015-ல் தொடங்கிய "ஜிம் டானிக்" திட்டத்தில், பின்லாந்து நாட்டுக் காற்றழுத்த இயந்திரங்களில் முதியவர்களுக்குப் பாரப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2022-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் இந்த நோய்க்குத் தனி வழிகாட்டியும் வெளியிட்டார்கள். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகும்போது, "கைப்பிடி அளந்து பார்ப்பீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். இந்தப் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்களும் மாவட்ட ஆஸ்பத்திரியில் கேட்கலாம். கேட்பதில் குற்றமில்லை.

தாய்மார்களே, உங்கள் தட்டைப் பாருங்கள்

இதுதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. நம் வீட்டில் மீன் துண்டு வேலைக்குப் போகிறவருக்கு, முட்டை பிள்ளைக்கு. பாட்டிக்குக் குழம்பும் சோறும். "எனக்கு எதுக்குப்பா, பல்லும் இல்லை" என்று அவர்களே ஒதுங்கிவிடுவார்கள். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், மதியம் சோறும் குழம்பும், இரவு ரசம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படிச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் புரதம் முப்பது கிராமைத் தாண்டுவது கஷ்டம். தேவை எவ்வளவு? மூத்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 முதல் 60 கிராம். பாதிதான் தட்டில் விழுகிறது.

இதைச் சரிக்கட்ட பணக்காரச் சாப்பாடு தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். சமைத்த மீனோ கோழியோ உள்ளங்கை அளவு துண்டில் 20 கிராமுக்கு மேல். ஒரு கிளாஸ் பாலில் ஆறேழு கிராம். அரைக் கப் கெட்டிப் பருப்பில் எட்டு ஒன்பது கிராம். தௌஹூ, தெம்பே, நெத்திலி, கச்சான், கொண்டைக்கடலை எல்லாமே உதவும். பல் இல்லாதவர்களுக்கு முட்டையை அவித்து மசிக்கலாம், மீனை உதிர்க்கலாம், தௌஹூவை அப்படியே கொடுக்கலாம். இரவில் ஒரேயடியாகக் கொடுக்காமல் மூன்று வேளைக்கும் பங்கிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும்.

எப்போது உடனே வர வேண்டும்?

ஒரு பக்கக் கை மட்டும் திடீரென்று பிடி விட்டது, வாய் கோணியது, பேச்சு குழறியது என்றால் அது தசைத்தேய்வு இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடை காரணமில்லாமல் குறைந்துகொண்டே போவது, நாள்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், பசியின்மை இவற்றோடு பலவீனம் இருந்தால் காசநோய், புற்றுநோய், தைராய்டு என்று வேறு காரணமும் பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் தளர்வதுதான் நாம் பேசிய நோய்.

சின்னம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளந்தார்கள். கைப்பிடி 13-லிருந்து 15 கிலோவுக்குத்தான் வந்தது. இன்னும் கோட்டுக்குக் கீழேதான். மகளுக்கு ஏமாற்றம். ஆனால் நாற்காலியில் ஐந்து முறை எழ 19 வினாடி எடுத்தவர் 13 வினாடியில் முடித்தார். பயிற்சியில் கை எண் மெதுவாகத்தான் ஏறும், கால் முந்திக்கொள்ளும் என்று பிசியோ விளக்கினாராம். அதன்பிறகு அவர் ஒரு தடவைகூட விழவில்லை. அண்மையில் மறுபடி கோயிலுக்கு அழைத்துப் போனேன். தரையில் உட்கார்ந்தார். நான் கை நீட்டினேன். "சும்மா இருடா" என்று என் கையைத் தட்டிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். தூணைத் தேடவில்லை.

ஆகவே, அன்பர்களே, இன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் உள்ள பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து எண்ணுங்கள். 12 வினாடியைத் தாண்டினால் அவர் தட்டில் ஒரு முட்டை கூடட்டும், நாளைக் காலையில் பயிற்சி தொடங்கட்டும், அடுத்த வாரம் கிளினிக்கில் வந்து சொல்லட்டும். "வயசாச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பட்டது போதும்.